தாழியில் ஒரு மணிமாலை

மாத்தளை மாவட்டத்தில், தம்புள்ளைக்கு அருகே உள்ளது இப்பன்கட்டுவை. 1980களில் தொடங்கிய அகழ்வுகள், கி.மு. 700க்கும் 400க்கும் இடைப்பட்ட காலத்துக் கற்பதுக்கைகளை அங்கே வெளிக்கொணர்ந்தன. எரியூட்டப்பட்டோரின் எலும்பையும் சாம்பலையும் தாழிகளில் இட்டு, கற்பலகைகளால் மூடியிருந்தனர் அம்மக்கள். உடன் மட்கலங்களையும் இரும்பு, செம்புப் பொருள்களையும் மணிமாலைகளையும் வைத்தனர்.

அம்மாலைகளில் சூதுபவள மணிகளைக் காண்கிறோம். அக்கல் இந்தியாவிலிருந்து வந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர் கருத்து. இறந்தவர் விரும்பிக் கேட்டதாயினும், உறவினர் மனமுவந்து இட்டதாயினும், அந்த மாலை வெறும் அணியன்று. கல்லைத் துளையிட்ட கைவினைஞனின் உழைப்பும், கடல் கடந்த வணிகமும், மாண்டவர்பால் இருந்தோர் கொண்ட அன்பும் அதிலே ஒருங்கே கோக்கப்பட்டுள்ளன.

அதே கடலைக் கடந்து பிற்காலத்தில் மனிதரே வந்தனர். 19ஆம் நூற்றாண்டில், கோப்பித் தோட்டங்களில் கூலி வேலை நாடி, தமிழகத்து ஏழை மக்கள் மன்னாரில் கரையிறங்கி, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்தனர். பசியாலும் கொள்ளைநோயாலும் பலர் வழியிலேயே மடிந்தனர். அவர்களுக்குத் தாழியுமில்லை, மூடக் கல்லுமில்லை. உடன் வைக்க ஒரு மணியேனும் அவர்களிடம் ஏது?

மாணவரை இப்பன்கட்டுவைக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர்களை நாம் வேண்டுவது இதுவே: மணிமாலையைக் காட்டுங்கள்; அம்மக்கள் நடந்த பாதையையும் காட்டுங்கள்.