வெட்டிய காட்டின் விலை

அமெரிக்காவில் 1872ஆம் ஆண்டு வந்த சுரங்கச் சட்டம், பொன்னும் வெள்ளியும் தேடிப் போனவனுக்கு ஒரு தெளிவான கணக்கைச் சொன்னது. பொது நிலத்தில் கனியத்தைக் கண்டுபிடித்து, எல்லைக்குக் கட்டை நட்டு, ஆண்டுதோறும் 100 டொலர் பெறுமதியான வேலையை அங்கே செய்துவந்தால் இடம் அவன் கையில் இருக்கும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவிலோ 1851இல் மாதம் 30 ஷில்லிங் கேட்டார்கள். பொன் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் கட்ட வேண்டிய அந்தப் பணம் 1854இல் யுரேகா கிளர்ச்சியில் கொண்டுபோய் விட்டது. அடுத்த ஆண்டே ஆண்டுக்கு ஒரு பவுண் என்று இறங்கிவந்தார்கள். அந்த நிலங்களெல்லாம் பூர்வகுடிகளிடம் பறித்தவை என்பதை மறந்துவிட்டு இச்சட்டங்களைப் பாராட்ட முடியாது. ஆனாலும், பாடுபடுகிறவனுக்குப் பிடிமானம் உண்டு என்ற எண்ணம் அவற்றின் அடியில் இருந்தது. இலங்கையின் கிழக்குக் கரையில் அறுகம்பேக்குப் பின்னால் பொத்துவில், லகுகல, பாணமைப் பக்கங்களில் காடு வெட்டிய குடியானவனுக்கு இலங்கைச் சட்டம் அந்த அளவுகூட இடம் தரவில்லை. தன் பாட்டை மெய்ப்பித்துக் காட்டவே அவன் அதிகம் செலவழிக்க நேர்ந்தது என்பதுதான் இக்கட்டுரையின் வாதம்.

சேனைக்காரனின் உழைப்பு எப்படிப்பட்டது என்று முதலில் பார்க்க வேண்டும். கோடையில் பற்றைகளையும் மரங்களையும் வெட்டிச் சாய்த்து, வெயிலில் காயவிட்டு, ஐப்பசி மழை இறங்குமுன் தீ வைப்பார்கள். எரியாமல் கிடக்கும் கட்டைகளை இழுத்து அடுக்கினால் அதுவே வேலி. சாம்பல் மண்ணில் சோளனும் குரக்கனும் முளைத்து, கதிர் பால் பிடிக்கும் நாளிலிருந்து பரணில் இரவு முழுக்க விழித்திருக்க வேண்டும்; யானைக்கூட்டம் ஒரே இரவில் ஒரு போகத்தை முடித்துவிடும். இரண்டொரு போகத்துக்குப் பின் மண் களைத்துவிடும், வேறு துண்டுக்குப் போய், சில ஆண்டுகள் கழித்துத் திரும்பி வருவார்கள். அந்த இடைக்காலத்தில் பற்றை மூடிக் கிடப்பதும் இந்தப் பயிர்ச்செய்கையின் ஒரு பகுதிதான். நிலம் ஆறினால்தான் மறுபடி விளையும்.

சட்டத்தின் கண்ணுக்கு அந்த ஆறல் கைவிடலாகத் தெரிந்தது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணி ஆக்கிரமிப்புக் கட்டளைச் சட்டம், காடு, தரிசு, குடியில்லாத நிலம், பயிரிடாத நிலம் எல்லாம் மறுதலையாக நிரூபிக்கப்படும்வரை முடிக்கே உரியவை என்று அனுமானித்தது. கண்டி இராச்சியத்தைச் சேர்ந்திருந்த பகுதிகளில் சேனைக்குப் பழைய சாசனமோ வரி கொடுத்த சான்றோ கேட்டது. மற்ற மாவட்டங்களில் சேனையைத் தரிசாகவே கணித்தது. நிரூபிக்கும் சுமை முழுவதும் உழுதவன் தலையில். இதே சட்டத்தின் இன்னொரு பிரிவு பரிவு காட்டுவதுபோல் தோன்றும். முடிக்குரிய நிலத்தைப் பிடித்துத் திருத்தி, பத்து ஆண்டுக்குக் குறையாமலும் முப்பது ஆண்டுக்கு மேற்படாமலும் இடைவிடாது ஆண்டுவந்தவன், திருத்திய நிலத்தின் பெறுமதியில் பாதியைச் செலுத்தி உரித்தைப் பெறலாம். அந்தப் பெறுமதி எங்கிருந்து வந்தது? அவன் வெட்டிய கிணறும் நட்ட தென்னையும் கட்டிய வரப்பும்தான் விலையை ஏற்றின. எவ்வளவு நன்றாகத் திருத்தினானோ அவ்வளவு கூடுதலாகக் கட்ட வேண்டும். தன் உழைப்பையே அவன் அரைவிலைக்கு வாங்கவேண்டியிருந்தது. சுரங்கக்காரனிடமும் இப்படி யாரும் கேட்கவில்லை.

1897ஆம் ஆண்டின் தரிசு நிலச் சட்டம் இதற்கு ஒரு காலக்கெடுவையும் சேர்த்தது. அறிவித்தல் வந்து மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் நிலம் முடிக்குப் போய்விடும். அன்று இந்தக் கரை முழுவதும் மட்டக்களப்புக் கச்சேரியின் கீழ் இருந்தது. அம்பாறை தனி மாவட்டமானது 1961இல்தான். பொத்துவிலிலிருந்து மட்டக்களப்புக்கு நூறு கிலோமீற்றருக்கு மேல், இடையில் களப்புகளும் ஆற்று முகங்களும். பெத்திசம் எழுதக் கூலி, சாட்சிகளை அழைத்துப்போகும் செலவு, விதைப்பு நாளில் வீணாகும் வேலை எல்லாம் சேர்ந்துதான் காணியின் விலை. அரசு தடுக்காவிட்டால் காடு அழிந்திருக்கும், போடிமார் எனப்படும் பெரிய நிலக்காரர் எல்லாவற்றையும் வளைத்திருப்பார்கள் என்று சொல்வோர் உண்டு. போடிமார் பற்றிய அச்சத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் 1840ஆம் ஆண்டின் சட்டத்தைக் காடு காத்த சட்டம் என்று சொல்ல வழியில்லை. அதே காலத்தில்தான் மலைநாட்டுக் காடுகள் ஏக்கர் ஐந்து ஷில்லிங்குக்குக் கோப்பித் தோட்டக்காரருக்கு விற்கப்பட்டன. 1844இல்தான் அது ஒரு பவுண் ஆனது. வாங்கியவர்களில் அரச அதிகாரிகளும் இருந்தார்கள். காசோடு வந்தவனிடம் மூதாதையர் சாசனத்தை யாரும் கேட்கவில்லை.

1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டம் நல்ல நோக்கத்தோடு வந்தது. அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த ஒப்பக் காணியை விற்கவோ விரும்பியபடி ஈடுவைக்கவோ விடாததால், கடன்காரன் கையில் குடியானவன் காணியை இழக்காமல் காத்தது. இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பாதுகாப்புக்கும் விலை உண்டு. காணியைக் காட்டிக் கடன் எடுக்க முடியாதவன் வரப்போகும் விளைச்சலைக் காட்டி வட்டிக்கு வாங்கினான். மேலும், காணி துண்டாகாமலிருக்கப் பின்னுரித்தாளர் ஒருவரையே அச்சட்டம் விரும்பியது, பெயர் குறிக்காவிட்டால் ஆண்மக்களை முன்னிறுத்தியது. கல்முனை முதல் பொத்துவில் வரை மகளுக்கு வீடும் வளவும் சீதனமாகப் போகிற வழக்கம். இஸ்லாமிய வாரிசுச் சட்டமும் மகளுக்குப் பங்கு வைக்கிறது. ஒப்பத்திலோ, பெயர் குறிக்காவிட்டால், ஆண்மக்களுக்குப் பின்னால்தான் அவளுக்கு இடம் இருந்தது. இந்த ஆண் முன்னுரிமையைத் திருத்த 2022ஆம் ஆண்டுவரை ஆனது.

உறுதிக் காணி வைத்திருப்பவருக்கும் மண்ணுக்கடியில் உள்ளது சொந்தமில்லை. 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனியங்கள் சட்டப்படி கனியம் குடியரசுக்கு உரியது. திருக்கோவில் கரையில் இல்மனைற் மணல் அகழ்வை எதிர்த்து மக்கள் வீதிக்கு வந்தபோது, உரிமத்துக்குப் பணம் கட்ட வல்ல நிறுவனம் ஒரு பக்கமும் மீன்வாடியும் தென்னையும் மட்டும் உள்ளவர்கள் மறுபக்கமும் நின்றார்கள்.

உள்நாட்டுப் போர், உரிமையை மெய்ப்பிக்கும் செலவை யாராலும் கட்ட முடியாததாக ஆக்கியது. இடைவிடாமல் ஆள வேண்டும் என்று சட்டம் கேட்கிறது. உயிருக்குப் பயந்து உட்புற வயல்களை விட்டு வந்தவர் எப்படி ஆள்வார்? 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் இதைப் பகுதியளவில் உணர்ந்தது: 1983 மே முதல் 2009 மே வரை போரால் காணிக்குப் போக முடியாதவருக்கு எதிராக ஆட்சிக் காலம் ஓடாது என்றது. அது தனியார் காணிக்கே உதவும். அரச காணியில் 1979ஆம் ஆண்டின் ஆட்சி மீட்புச் சட்டம் வேறு கதை. வெளியேறச் சொல்லி அறிவித்தல் வந்தால், நீதவான் முன் காட்டக்கூடியது செல்லுபடியான ஒப்பமோ அரசின் வேறு எழுத்து அனுமதியோ மட்டுமே. நாற்பது ஆண்டு உழைத்தேன் என்பது அங்கே எடுபடாது. காகிதம் இருந்தவர் பலருக்கும் 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை அதைக் கொண்டுபோய்விட்டது. பிறகு கிழக்குக் கரையில் 200 மீற்றர் தடைவலயம் வந்தது, அதுவும் பின்னர் தளர்ந்தது. ஆகவே காணிக் கச்சேரிகளில் இனிமேலாவது பழைய கிணறும் காய்க்கும் மாவும் அயலவர் சத்தியக் கடதாசியும் எழுத்து அனுமதிக்கு நிகரான சான்றாக ஏற்கப்பட வேண்டும். அதற்கு 1979ஆம் ஆண்டின் சட்டத்தைத்தான் முதலில் திருத்த வேண்டும்.