பழைய வில்லையும் புதிய படக்கருவியும்

நிழற்படக்கருவி விரைவில் பழையதாகிவிடும். அதன் வில்லை அவ்வளவு எளிதில் பழையதாவதில்லை. கருவியினுள் இருக்கும் சுருள்விற்களும் பற்சக்கரங்களும் தேய்கின்றன. மின்சுற்றுகள் காலத்தால் பின்தங்குகின்றன. லென்ஸ் என்று பலரும் வழங்கும் வில்லையோ, நன்கு இழைத்த கண்ணாடித் துண்டுகளும் அவற்றைத் தாங்கும் உலோகக் குழலுமேயாகும். பூஞ்சை பிடிக்காமல் காத்துவந்தால் அரை நூற்றாண்டு கடந்தும் அது தெளிவாகப் படம் தரும். ஆதலால், புதிய கருவி வாங்க எண்ணுவோர் முன் ஒரு கேள்வி எழுகின்றது: கையிலுள்ள பழைய வில்லை இதிற் பொருந்துமா? இக்கேள்விக்கு ஒவ்வொரு காலத்திலும் கிடைத்த விடைகளே வில்லை மாற்றும் படக்கருவியின் வரலாறு எனலாம்.

ஜெர்மனியில் வெட்சிலார் நகரத்து லைட்ஸ் நிறுவனத்திற் பணியாற்றிய ஓஸ்கார் பார்னாக் உருவாக்கிய லைக்கா என்னும் சிறு கருவி 1925ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதன் வில்லை கழற்ற இயலாதது. 1930இல், வில்லையைத் திருகிக் கழற்றி வேறொன்றை மாட்டும் அமைப்பு வந்தது. எனினும், தொடக்கத்தில் ஒவ்வொரு வில்லையும் ஒரு குறிப்பிட்ட கருவிக்கென்றே தொழிற்சாலையில் அளவு பார்த்துச் சரிசெய்யப்பட்டது. ஒருவருடைய வில்லை மற்றொருவருடைய லைக்காவிற் சரியாக இயங்கும் என்னும் உறுதி இல்லை. 1931இல்தான் எல்லாக் கருவிகளுக்கும் ஒரே அளவு வகுக்கப்பட்டது. வில்லை வந்து அமரும் முகத்திலிருந்து படச்சுருள் வரை 28.8 மில்லிமீட்டர் என்பதே அந்த அளவு.

இதனை அமர்வுத் தூரம் என்று கொள்ளலாம். தொலைவிலுள்ள மலையோ கோபுரமோ படச்சுருளின்மேல் தெளிவாக விழவேண்டுமாயின், வில்லை தனக்கென வகுத்த தூரத்தில் அமர்ந்திருக்க வேண்டும். அதனினும் முன்னே தள்ளி நின்றால் அருகிலுள்ள பொருள்கள் மட்டுமே தெளியும், தொலைக்காட்சி மங்கிவிடும். ஆகவே, அமர்வுத் தூரம் மிகுந்த வில்லையை அத்தூரம் குறைந்த கருவியில் மாட்ட வழியுண்டு. எஞ்சிய இடைவெளியை ஒரு வளையத்தால் நிரப்பிவிடலாம். தூரம் குறைந்த வில்லையைத் தூரம் மிகுந்த கருவியில் மாட்டினால், அது உரிய இடத்திற்குச் செல்ல வழியில்லை. இவ்வொரு விதியே பின்வந்த அனைத்திற்கும் அடிப்படையாயிற்று.

1954இல் லைட்ஸ் நிறுவனம் எம்3 என்னும் புதிய கருவியை வெளியிட்டபோது, திருகுமரையைக் கைவிட்டு, சற்றே திருப்பினால் பூட்டிக்கொள்ளும் அமைப்பை மேற்கொண்டது. அதன் அமர்வுத் தூரம் 27.8 மில்லிமீட்டர், பழையதினும் சரியாக ஒரு மில்லிமீட்டர் குறைவு. அந்த ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள வளையத்தை இடையிலிட்டால் பழைய திருகு வில்லைகள் அனைத்தும் புதிய கருவியிற் பொருந்தின. வாடிக்கையாளர் முன்னரே வாங்கிய வில்லைகளை வடிவமைத்தோர் மறவாமல் இருந்தமைக்கு அம்மெல்லிய வளையமே சான்று.

ஜப்பானிய பென்டக்ஸ் கருவிகளும் இதே நெறியைப் பின்பற்றின. 42 மில்லிமீட்டர் விட்டமுள்ள திருகு வாயைப் பல ஆண்டுகள் பயன்படுத்திய பின், 1975இல் அவை ‘கே’ என்னும் பூட்டு வாய்க்கு மாறின. பழைய அமர்வுத் தூரமான 45.46 மில்லிமீட்டரே புதியதற்கும் வைக்கப்பட்டது. இங்கு வளையம் வாயின் உள்ளேயே அடங்கிவிட்டது.

1959இல் வந்த நிக்கான் எஃப் கருவியின் வாய் வேறொரு பாடத்தைக் கற்பிக்கின்றது. அதன் வடிவமும் 46.5 மில்லிமீட்டர் தூரமும் பல பத்தாண்டுகள் மாறவே இல்லை. ஆனால், வாய் மாறாதிருந்தும் உள்ளே நடக்கும் உரையாடல் மாறிக்கொண்டே வந்தது. வில்லையின் ஒளித்துளை அளவை ஒளியளவிக்கு உணர்த்தும் முறை 1977இல் மாறிற்று. அதற்கு முற்பட்ட வில்லைகளைத் திருத்தாமல் மாட்டினால், பிற்காலக் கருவிகள் சிலவற்றின் சிறு உறுப்புகள் சேதமுறக்கூடும். அதனால் நிறுவனமே அவ்வில்லைகளின் வளையத்தை மாற்றித் தர ஏற்பாடு செய்தது. கருவிக்குள்ளிருந்த மோட்டாரால் குவியம் தானே சரியாகும் வில்லைகள் பின்னர் வந்தன. 2006இல் வெளியான டி40 போன்ற கருவிகளில் அம்மோட்டார் இல்லாமையால், அவ்வில்லைகளைக் கையாலேயே திருப்ப வேண்டியதாயிற்று. பொருந்துதல் வேறு, முழுமையாக இயங்குதல் வேறு என்பது இதனால் விளங்கும்.

கேனன் நிறுவனம் எதிர்வழியைத் தேர்ந்தது. 1971இல் அது தொடங்கிய எஃப்டி வரிசை வில்லைகளின் தூரம் 42 மில்லிமீட்டர். 1987இல் ஈஓஎஸ் என்னும் புதிய வரிசை வந்தபோது, வாய் 54 மில்லிமீட்டராக அகன்றது. செய்திகள் யாவும் மின்னிணைப்பு வழியே சென்றன. குவியத்திற்கான மோட்டார் வில்லையினுள்ளேயே அமைந்தது. அமர்வுத் தூரமோ 44 மில்லிமீட்டராகக் கூடிற்று. அந்த இரண்டு மில்லிமீட்டரே பழைய வில்லைகளுக்குக் கதவடைத்துவிட்டது. இடையில் கூடுதற் கண்ணாடி வைத்த இணைப்பு இன்றிப் பழைய எஃப்டி வில்லையால் தொலைவைத் தெளிவாகக் காட்ட இயலாது. அக்கண்ணாடியோ படத்தின் தரத்தைப் பாதிக்கக்கூடியது. பல்லாண்டு சேமித்து வில்லைகளை ஒவ்வொன்றாகத் திரட்டியோர்க்கு இது பெருத்த இழப்பு. எனினும், அன்று வகுத்த அகன்ற வாயும் மின்னிணைப்பும் முப்பதாண்டுக்கு மேல் புதுமைகளைத் தாங்கின என்பதையும் மறுப்பதற்கில்லை. 1987இன் வில்லை, பின்னர் வந்த ஈஓஎஸ் எண்மக் கருவிகளிலும் இயங்கிற்று.

கைவிடப்பட்ட வில்லைகளுக்கு மறுவாழ்வு எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. மேற்கூறிய பென்டக்ஸ், நிக்கான், கேனன் கருவிகளில், வில்லைக்கும் படச்சுருளுக்கும் இடையே சாய்ந்து நின்று காட்சியை மேலே அனுப்பும் ஆடி ஒன்று உண்டு. அது எழுந்து விழ இடம் வேண்டுமாதலால் அமர்வுத் தூரத்தை மிகவும் குறைக்க இயலவில்லை. காட்சியை மின்திரையிற் காணும் முறை வளர்ந்தபின் அந்த ஆடி தேவையற்றதாயிற்று. 2008இல் பானசோனிக் ஜி1 ஆடியின்றி வந்தது. அதன் தூரம் ஏறத்தாழ 20 மில்லிமீட்டரே. ஆனால், அதன் ஒளியுணரி பழைய படச்சுருட் சட்டத்தில் ஏறத்தாழப் பாதி நீளமும் பாதி அகலமுமே உடையது. ஆகவே 50 மில்லிமீட்டர் வில்லையின் பார்வை அதில் 100 மில்லிமீட்டர் வில்லையினது போலக் குறுகிற்று. 2013இல் வந்த சோனி ஆல்பா 7, 18 மில்லிமீட்டர் தூரமும் படச்சுருட் சட்டத்தின் முழு அளவுள்ள ஒளியுணரியும் கொண்டிருந்தது. 24 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு வெற்று வளையத்தின் உதவியால், 1987இல் கைவிடப்பட்ட எஃப்டி வில்லை தன் முழுப் பார்வையுடன் மீண்டும் தொலைவைக் கண்டது. அந்த வளையத்தில் கண்ணாடி இல்லை; இருந்தது இடம் மட்டுமே.

இவ்வழியிலும் தடைகள் உண்டு. பழைய லைக்கா வகை அகலக்கோண வில்லைகள் சிலவற்றின் பின்கண்ணாடி படத்தளத்தை மிகவும் நெருங்கி நிற்கும். அங்கிருந்து சாய்ந்து வரும் ஒளியைப் படச்சுருள் ஏற்றதுபோல ஒளியுணரி ஏற்பதில்லை. ஓரங்கள் மங்கும், நிறமும் பிறழும். 2018இல் நிக்கான் 16 மில்லிமீட்டர் தூரமுள்ள இசட் வாய்க்கு மாறியபோது, உடன் வந்த 30.5 மில்லிமீட்டர் இணைப்பு வளையத்திலும் மோட்டார் இல்லை. கருவியின் மோட்டாரை நம்பிய வில்லைகள் மீண்டும் கைக்கே வந்தன. அதே ஆண்டில் கேனனும் 20 மில்லிமீட்டர் தூரமுள்ள புதிய வாய்க்கு மாறிற்று. இம்முறை பழைய ஈஓஎஸ் வில்லைகளின் மின்னுரையாடலையும் கடத்தும் வளையத்தை அது உடன் தந்தது. 1987இல் நேர்ந்தது மறுமுறை நேரவில்லை.

இந்நெடிய வரலாற்றில் பழைய வில்லை ஒருபோதும் தன்னை மாற்றிக்கொள்ளவில்லை. அதனை ஏற்பதா, விலக்குவதா என்பதைப் புதிய கருவியை வரைந்தவரின் மேசையில் இருந்த ஓர் அளவே முடிவு செய்தது. 1954இல் ஒரு மில்லிமீட்டரைக் குறைத்தோர் பழையதை வாழவைத்தனர். 1987இல் இரண்டு மில்லிமீட்டரைக் கூட்டியோர் புதியதற்கு வழிவகுத்துப் பழையதைப் பிரிந்தனர். இரண்டிலும் நன்மை உண்டு. எனினும், புதியதை வகுப்போர் சிறிது இடம் விட்டுவைத்தால், முன்னோர் உழைப்பிற் பிறந்த பொருள் பின்னோர் கையிலும் பயன்படும் என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.