மனை தேடலும் மகவின் கல்வியும்

நம் சங்கத்து அன்பர்களுக்கும் அவர்தம் இல்லத்தார்க்கும் ஒரு விண்ணப்பம். உத்திரமேரூர்ப் பக்கத்துக் குடும்பங்கள் பல, கழனியை விட்டும் கடையை விட்டும், காஞ்சிபுரம், செங்கற்பட்டு, ஒரகடம், சென்னை முதலிய இடங்களுக்குக் குடிபெயர்ந்து வருதல் யாவரும் அறிந்ததே. உத்தியோகம் பற்றிப் பெயர்வாரும் உளர். பிள்ளையின் படிப்பையே முன்னிட்டுப் பெயர்வாரும் உளர். இவர்கள் முதற்கண் வினவுவது, "நம்மவர் வாழும் தெரு எது?" என்பது. அடுத்து வினவுவது, "பெயர் பெற்ற பள்ளிக்கூடம் எது?" என்பது. இவ்விரு வினாக்களும் இயல்பானவையே. ஆயினும், ஒரு குழந்தையின் வாழ்வைத் தீர்மானிப்பதற்கு இவை மட்டும் அமையுமோ என்பதை நம் நாட்டுச் சரித்திரத்தைக் கொண்டு ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் நம் ஊரையே நோக்குவோம். முதற் பராந்தக சோழனது 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில், இவ்வூர்ச் சபையார் செய்த ஏற்பாடுகள் கல்லில் பொறிக்கப்பட்டு இன்றும் காணக் கிடக்கின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. குடும்பு என்பது இக்காலத்து வார்டு போன்றது. வாரியத்துக்குப் பெயர் எழுதப்படுவோன் இறை செலுத்தும் நிலம் கால்வேலிக்குமேல் உடையவனாயும், தன் மனையில் வீடு கட்டிக்கொண்டிருப்பவனாயும், கல்வி உடையவனாயும் இருத்தல் வேண்டும். கல்வி மிக்கானுக்கு நிலத்தின் அளவு அரைக்கால் வேலியாகக் குறைக்கப்பட்டது. வாரியஞ் செய்து கணக்குக் காட்டாது விட்டவன் மட்டுமன்றி, அவனுடைய நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டனர். ஏரியைக் காக்க 6 பேர் கொண்ட ஏரி வாரியம் தனியே இருந்தது. குடத்திலிருந்து ஓலையை எடுத்தவனோ, ஒன்றும் அறியாத ஒரு பாலன்.

இவற்றால் நாம் அறிவது யாது? நல்லூர் என்பதற்கு நம் முன்னோர் கொண்ட அளவைகள் மூன்று: நீர் காக்கப்பட வேண்டும், பொதுப்பணத்துக்குக் கணக்கு இருக்க வேண்டும், கல்விக்கு மதிப்பு இருக்க வேண்டும். குடிபெயரும் தந்தை ஒருவன் புதிய ஊரில் வாடகை எவ்வளவு என்று கேட்குமுன், இம்மூன்றனையும் கேட்பானாயின் பெரும்பாலும் ஏமாற்றம் அடையான்.

நிற்க. பெரும்பெயர் பெற்ற கல்விச்சாலை ஒன்றே போதும் என்பாரும் உளர். அவர்கள் மயூரசர்மன் வரலாற்றைச் சிந்திக்கக் கடவர். கன்னட நாட்டுத் தாளகுண்டாச் சாசனம் கூறுவது இது: நான்காம் நூற்றாண்டில் அவ்விளைஞன் தன் ஆசிரியனாகிய வீரசர்மனோடு பல்லவர் தலைநகராகிய காஞ்சிக்கு வந்து, ஆங்கிருந்த கடிகையில் கல்வி கற்கப் புகுந்தான். அக்காலத்துத் தென்னாட்டில் அதனினும் புகழ் வாய்ந்த கல்விச்சாலை அரிது. ஆயினும் பல்லவக் குதிரை வீரன் ஒருவனோடு நேர்ந்த பூசலால் மனம் புண்பட்டு, ஏட்டை விடுத்து வாளை எடுத்தான். பின்னர் வனவாசியில் கடம்ப அரசை நிறுவினான். அரசு கிடைத்தது உண்மையே; கற்க வந்த கல்வி நின்றதும் உண்மையே. வெளியூர்ப் பிள்ளையை அவமதிக்கும் சூழலில், சாலை எத்துணைச் சிறந்ததாயினும் கல்வி நிலைபெறாது.

இதற்கு மறுதலையாகப் பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகின்ற, நமக்கு அணித்தேயுள்ள திருமுக்கூடலைக் காண்க. 11ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்துச் சாசனம், அங்கிருந்த கோயிலைச் சார்ந்து கல்விச்சாலையும், மாணாக்கர் உண்டு உறையும் விடுதியும், 15 படுக்கைகள் கொண்ட ஆதுரசாலையும் நடைபெற்றதைத் தெரிவிக்கின்றது. மாணாக்கர் சனிக்கிழமைதோறும் தலைமுழுகுவதற்கு எண்ணெயும், இரவில் விளக்கெரிக்க எண்ணெயும்கூட அதில் கணக்கிடப்பட்டுள்ளன. தாயை விட்டு வந்த பிள்ளைக்குத் தாயின் கை செய்வதையும் நினைந்து வகுத்த ஏற்பாடு இது. இக்கல்வி அக்காலத்தில் ஒரு சாரார்க்கே உரியதாயிருந்தது. ஏனையோர் பிள்ளைகளும் பெண்மக்களும் அவ்வாயிலுக்குப் புறத்தே நின்றனர். இதனை மறைத்தல் சரித்திரம் ஆகாது.

இனி, பிள்ளையின் கல்விக்காகவே ஊர் ஊராகப் பெயர்ந்த ஒரு தந்தையின் வரலாற்றுக்கு வருவோம். மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1855ஆம் ஆண்டு பிறந்தவர். பாபநாசத்துக்கு அருகிலுள்ள உத்தமதானபுரம் அவர் ஊர். தந்தையார் வேங்கடசுப்பையர் சங்கீத வித்துவான்; இராமாயணப் பிரசங்கம் செய்து சீவித்தவர்; செல்வர் அல்லர். உறவினர் சிலர் பிள்ளைக்கு ஆங்கிலம் வேண்டும் என்றனர். சிலர் வடமொழி வேண்டும் என்றனர். தந்தையார்க்கோ தம் சங்கீதத்தை அவர் பயில வேண்டும் என்ற விருப்பம். பிள்ளையின் மனமோ தமிழில் ஊன்றி நின்றது. அம்மனத்தை உணர்ந்த தந்தையார் தம் விருப்பத்தைப் பின்வைத்தார்.

அரியலூரில் சடகோபையங்காரிடம் பாடம். குன்னத்தில் சிதம்பரம் பிள்ளையிடம். கார்குடியில் கஸ்தூரி ஐயங்காரிடம். செங்குணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடம். ஓர் ஆசிரியரிடம் கற்கக்கூடியது முடிந்ததும் குடும்பம் மூட்டை கட்டியது. செல்லும் ஊரில் ஆசான் உளரா, தம் பிரசங்கத்தைக் கேட்டு அரிசி அளிப்பார் உளரா என்னும் இரண்டையுமே அவர் ஆராய்ந்தார். முடிவில் 1871ஆம் ஆண்டு மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் மகனை ஒப்புவித்தார். அம்மாணாக்கரே பின்னாளில் சிந்தாமணியையும் சிலப்பதிகாரத்தையும் புறநானூற்றையும் ஏட்டுச் சுவடியிலிருந்து மீட்டுத் தந்தார்.

அன்பர்களே, அவ்வாசிரியர்களின் பெயர்களை மீண்டும் ஒருமுறை நோக்குக: ஐயங்கார், பிள்ளை, ரெட்டியார். ஆசாரத்தில் வழுவாத அத்தந்தையார் உணவிலும் உறையுளிலும் தம் குல வழக்கத்தைக் காத்துக்கொண்டார். ஆசானைத் தேடுமிடத்துக் குலம் நோக்கவில்லை. தம்மவர் மிக்க தெருவிலேயே தங்கிவிடுவேன் என்று அவர் துணிந்திருப்பின், தமிழுக்கு நேர்ந்திருக்கும் இழப்பை அளவிட முடியுமோ? சாதிச் சங்கத்தின் பத்திரிகையில் இதனை எழுதுவது பொருந்துமோ எனின், இங்கு எழுதுவதே மிகப் பொருந்தும் என்க. உறவின் முறையார் நமக்கு ஊன்றுகோல், வேலி அல்லர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் விருதுநகரில் நாடார் குலத்தார் பிடியரிசி திரட்டி நடத்திய க்ஷத்திரிய வித்யாசாலை இதற்குச் சான்று. அதில் பயின்ற காமராசர் 1954இல் முதலமைச்சராகி, எக்குலத்துச் சிறுவரும் கற்கச் சிற்றூர்தோறும் பள்ளி திறந்து மதிய உணவும் அளிக்கச் செய்தார்.

இக்காலத்துச் சட்டமும் குடிபெயர்வார்க்குத் துணை நிற்கின்றது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கு உரியது. அதன்படி, சேர்க்கையின்போது பிள்ளைக்கோ பெற்றோர்க்கோ தேர்வு வைத்தலும், நன்கொடை பெறுதலும் கூடா. வயதுச் சான்று இல்லை என்று மறுத்தலும் கூடாது. அரசுப் பள்ளிக்கோ உதவி பெறும் பள்ளிக்கோ மாறும் பிள்ளையை, மாற்றுச் சான்றிதழ் தாமதமாயிற்று என்று திருப்பி அனுப்பலாகாது. முதல் 5 வகுப்புகளுக்கு நடந்து செல்லும் 1 கிலோமீட்டர் அளவே அண்மையென விதிகளிற் கொள்ளப்பட்டது. ஆகவே, ஆறு வயதுக் குழந்தையை நாள்தோறும் இரண்டு மணி நேரம் வண்டியில் அலைக்கழித்து அடையும் புகழ்ப்பள்ளியினும், நடந்து சென்று களைப்பின்றித் திரும்பும் நல்லாசிரியர் பள்ளி மேலானது.

ஆதலின் பெயர எண்ணுவோர் வீட்டுக்கு முன்பணம் கொடுக்குமுன் பள்ளிக்குச் செல்க. கட்டடத்தைக் காணுமுன் ஆசிரியரைக் காண்க. அத்தெருவின் குடிநீரை விசாரிக்க. அங்குள்ள பிள்ளைகள் புதிய பிள்ளையை விளையாட்டிற் சேர்த்துக்கொள்கின்றனரா என்று ஒரு மாலைப்பொழுது நின்று பார்க்க. புதிய ஊரில் முன்னரே வாழும் நம் அங்கத்தினர், வருவார்க்கு முதல் வாரம் உண்டியும் உறையுளும் தந்து, நம்மவர் தெருவை மட்டும் காட்டாது நல்லாசான் இருக்கும் தெருவையும் காட்டுவாராக. சங்கம் என்னும் பெயர்க்கு அதுவே பயன்.