உவணம்: பெரிய திருவடியின் பழம்பெயர்

பனமரத்துப்பட்டிப் பெரியோர் பணித்தபடி பெரிய திருவடியாகிய கருடனைப் பற்றி எழுதுகிறேன். தாய் வினதையின் அடிமைத்தளை நீக்க அவர் அமுதம் கொணர்ந்த வரலாற்றை இவ்வூர்ப் பிள்ளைகளும் அறிவார்கள். ஆகவே திருநாமத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ரிக் வேதம் முதல் மண்டலத்து 164ஆம் சூக்தம் அவரை அழகிய சிறகுடைய 'சுபர்ணன்' என்றும் 'கருத்மான்' என்றும் ஒருசேரச் சொல்கிறது. 'கருடன்' என்ற பெயருக்கு மகாபாரதத்தின் ஆதிபர்வம் காரணம் கூறுகிறது. நகங்களில் யானையும் ஆமையும். முறிந்த கிளையில் தலைகீழாகத் தொங்கித் தவம் செய்யும் வாலகில்ய முனிவர்கள் விழுந்துவிடாதபடி அக்கிளை அலகில். இத்தனை பாரம் சுமந்து பறந்தவர் என்பதே அப்பெயராம். எத்தனை கருணையான பெயர்!

தமிழ் முன்னோர் போற்றிய 'உவணம்' என்ற பெயரோ சுபர்ணத்தின் வழிவந்தது. அது வடமொழியிலிருந்து நேரே வராமல், பிராகிருதத்தின் 'சுவண்ண' வழியாக வந்தது என்பதே என் துணிபு. பாலியில் இது 'சுபண்ண'. சமண நூல்களில் சுவண்ணகுமாரர் என்றொரு தேவகணமே உண்டு. 'உவண்' என்றால் உயரம், அதனால் இது தனித்தமிழ்ச் சொல்லே என்பர் சிலர். உயரப் பறப்பதற்குப் பொருந்தும் விளக்கம்தான். ஆனால் முதற்சகரம் மறைவது தமிழில் புதிதன்று. சந்தி அந்தியானது, சபை அவையானது, சமணர் அமணர் ஆயினர். சுவண்ணம் உவணமானதும் அவ்வாறே. அப்படியானால் இது வைணவத்துக்கு அயலான பெயரா என்று கேட்கலாம். இல்லை. சிலப்பதிகாரத்து ஊர்காண் காதை மதுரைத் திருமால் கோயிலையே உவணக் கொடியால் அடையாளம் காட்டுகிறது. அதே வரிசையில் அறவோர் பள்ளியும் நிற்கிறது. கோயிலும் பள்ளியும் அருகருகே விளங்கிய நகரில் இச்சொல் வைணவர், சமண பௌத்தர் என இருசாரார்க்கும் பொதுவாய் வழங்கியிருக்க வேண்டும்.

பௌத்தர் இப்பறவையை அறத்துக்கே சான்றாக்கினர். சம்யுத்த நிகாயத்தில் சுபண்ணர்க்கெனத் தனிப்பகுதி உண்டு. விதுரபண்டித ஜாதகத்தில் சுபண்ண அரசன் தனக்கு இரையாகும் நாக அரசனுடன் ஒரே சோலையில் உபோசத நோன்பிருக்கிறான். பசியை அடக்குகிறான், நாகன் சினத்தை அடக்குகிறான். நம் பெருமாளும் பாம்பணையில் துயின்று கருடன்மேல் எழுந்தருள்பவரல்லவா? நாமக்கல் குடைவரையில் அரங்கநாதரின் பாம்பணையும் ஆத்தூரை அடுத்த தியாகனூரில் புத்தர் திருமேனிகளும் உள்ள நாடு நம்முடையது. கருட சேவையின்போது 'உவணம்' என்ற பெயரையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். அதைக் காத்த அமணரையும் பௌத்தரையும் சேர்த்தே சொல்லுங்கள்.