கடம்தலா மருத்துவமனை கற்பிக்கும் பாடம்

அந்தமான் பெருவழியில் வடக்கு நோக்கிச் செல்வோர் பாராடாங் தீவைக் கடந்து, மேலும் ஒரு நீரிணையைத் தாண்டினால் கடம்தலா என்னும் சிற்றூரை அடைவர். பாராடாங்கின் சுண்ணாம்புக் குகையையும் சேற்று எரிமலையையும் கண்டு மகிழ்வோர் பலர். கடம்தலா மருத்துவமனையின் வரலாற்றை அறிந்தோர் சிலரே.

அப்பக்கத்து மேற்குக் காடுகளில் வாழும் ஜாரவா மக்கள் நெடுங்காலம் வெளியாரை அண்டவிட்டாரில்லை. அவர்தம் அச்சம் வீணானதன்று என்பதற்கு, அண்டையில் வாழ்ந்த பெரிய அந்தமானியரின் கதையே சான்றாகும். 1863இல் ஆங்கிலேயர் 'அந்தமான் இல்லம்' நிறுவி அவர்களை நாகரிகப்படுத்த முற்பட்டனர். நோய்களே மிகுந்தன. 1877இல் தட்டம்மை பரவிப் பலரை மாய்த்தது. 1901இல் 625 பேராயிருந்த அவ்வினம் 1961இல் 19 பேராகக் குன்றியது.

இனி, நம் காலத்து நிகழ்ச்சியைக் காண்போம். 1996இல் கடம்தலா அருகே கால் முறிந்து கிடந்த ஜாரவா இளைஞன் ஒருவன், அன்று போர்ட் பிளேயர் எனப்பட்ட ஸ்ரீ விஜயபுரத்து மருத்துவமனையில் சில மாதங்கள் சிகிச்சை பெற்றான். நலமடைந்ததும் அவனைத் தடுத்து வைக்காது, அவன் காட்டிற்கே அனுப்பினர். மறு ஆண்டு அக்டோபரில் ஜாரவர் பகையின்றி ஊருக்குள் வந்தனர். அவ்விளைஞன் பெற்ற நல்லனுபவமே காரணம் எனக் கருதுவோர் பலர்.

1999இல் தட்டம்மை அவர்களையும் தாக்கிற்று. டாக்டர் இரத்தன் சந்திர கர், அவர்தம் மொழியைப் பயின்று, குடியிருப்புகளை நாடிச் சென்று மருத்துவம் புரிந்தார். பெரிய அந்தமானியர்க்கு நேர்ந்த அழிவு இவர்களுக்கு நேரவில்லை. 2001இல் 240 ஆக இருந்த ஜாரவர் தொகை 2011இல் 380 ஆக உயர்ந்தது. 2004இல் அரசு வகுத்த கொள்கை, அவர்களை வலிந்து பொது வாழ்வில் சேர்த்தலாகாது என்றது. 2023இல் டாக்டர் கர் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

முன்னையோர் பழங்குடியினரைத் தம் இல்லத்திற்கு இழுத்தனர். பின்னையவரோ அவர்தம் இல்லத்திற்குச் சென்றார். இவ்வேறுபாட்டை நாம் மறத்தலாகாது.

மொழி அறியாத ஊரில், நோயுற்ற குழந்தையை ஏந்தி மருத்துவமனையில் நிற்கும் தாயின் தவிப்பைப் பிழைப்புத் தேடி வந்த நாம் நன்கறிவோம். அங்கே தமிழில் ஒரு சொல் கேட்டால் பாதி நோய் தீர்ந்ததுபோல் தோன்றும். நம் சங்கத்து அன்பருள் மருத்துவப் பணி புரிவோர், தம்மிடம் வரும் பழங்குடி நோயாளரின் பெயரைக் கேட்டு, அவர் மொழியில் நாலு சொற்களேனும் கற்றுப் பேசுவாராக. நமக்குக் கிடைக்க வேண்டுமென நாம் விழையும் மதிப்பை அவர்க்கும் அளிப்பது நம் கடனாகும்.