முகப்பில் இல்லாத பெயர்: ஹாரி ரிக்கார்டோவும் கேமரன் மலையின் டீசல் வண்டிகளும்

கேமரன் மலையின் தேயிலைத் தோட்டச் சாலைகளில் பழைய லேண்ட் ரோவர் வண்டிகளைக் காணாமல் திரும்புவோர் அரியர். வண்டியின் முகப்பில் நிறுவனத்தின் பெயர் உண்டு. அவற்றுள் டீசலில் ஓடிய பழைய வண்டிகளின் எந்திரத்துள் ஒருவரது கருத்து உறைந்திருக்கிறது. அவர் பெயர் வண்டியில் எங்கும் இல்லை. அவரே சர் ஹாரி ரிக்கார்டோ.

ரிக்கார்டோ இலண்டனில் 1885ஆம் ஆண்டு பிறந்தார். நில அளவையாளர் வில்லியம் கேமரன் பகாங்கின் இம்மேட்டு நிலத்தைக் கண்டறிந்ததும் அதே ஆண்டில்தான். இது தற்செயலே, ஆயினும் மாணவர் ஆண்டை நினைவிற்கொள்ள உதவும். கேம்பிரிட்ஜில் பயின்ற அவர், முதல் உலகப் போரில் பிரிட்டனின் டாங்கிகளுக்கு 150 குதிரைத்திறன் எந்திரத்தை வடிவமைத்தார். எழும் புகை பகைவர்க்கு இடத்தைக் காட்டிக்கொடுக்கலாகாது என்பதும் அவ்வடிவமைப்பின் நோக்கங்களுள் ஒன்று.

நாம் இங்கு விரித்துரைக்க விழைவது டீசல் பற்றியே. அந்நாளைய டீசல் எந்திரங்கள் பெரும்பாலும் கனத்தவை, மெல்ல ஓடுபவை. வேகம் கூடினால் எரிபொருள் காற்றோடு கலக்கப் போதிய நேரம் இராது. எரியாத மிச்சம் கரும்புகையாகும். ரிக்கார்டோ எரிபொருளைக் காற்றிடம் அனுப்புவதோடு நில்லாமல், காற்றையே சுழலச் செய்தார். உருளையின் தலைப்பகுதியில் சிறியதோர் உருண்டை அறை. அதற்கு ஒரு குறுகிய வாயில். உந்துதண்டு அழுத்தும் காற்று அவ்வாயிலின் வழியே பக்கவாட்டில் புகுந்து சுழலும். அச்சுழலில் எரிபொருள் தெளிக்கப்படும்போது விரைந்து கலந்து எரியும். ‘காமெட்’ எனப் பெயர்பெற்ற இவ்வமைப்பை 1931இல் இலண்டன் பேருந்து எந்திரங்கள் ஏற்றன. தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்குச் சாலை வந்துசேர்ந்த காலமும் அதுவே. 1929இல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டம் அப்போது இளங்கன்று.

லேண்ட் ரோவர் 1948இல் பெட்ரோல் எந்திரத்தோடு வெளிவந்தது. ரிக்கார்டோவுக்கு சர் பட்டம் கிடைத்ததும் அவ்வாண்டே. 1957இல் ரோவர் நிறுவனம் அவ்வண்டிக்கு அளித்த டீசல் எந்திரம் காமெட் அறையைக் கொண்டிருந்தது.

குறையும் உண்டு. அறையின் சுவர்கள் வெப்பத்தை உறிஞ்சிவிடுவதால், குளிரில் எந்திரம் எளிதில் உயிர்பெறாது. மலையின் விடியற்குளிரில் ஓட்டுநர் சாவியைத் திருப்பி, ஹீட்டர் பிளக் கனலும்வரை காத்திருக்க வேண்டும். பறித்த கொழுந்தோ காத்திராது. குவிந்து கிடந்தால் சூடேறிக் கெடும். ஆகவே வண்டியை ஓடவைத்த ஓட்டுநரும் பட்டறைக்காரரும் தேயிலை வரலாற்றின் பகுதியே. அவர்களுள் பலர் தமிழர். ரிக்கார்டோவின் பெயர் நூல்களிலேனும் நிலைத்தது. இவர்கள் பெயர் அங்கும் இல்லை. இது நமக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

ரிக்கார்டோ பெயர் வண்டியில் இல்லாமைக்குக் காரணம் எளிது. அவர் கருத்துகளைப் பிறர் உரிமம் பெற்றுப் பயன்படுத்தினர். எந்திரம் அவரவர் பெயரில் விற்பனையாயிற்று.

இவ்வறையைத் தமிழில் ‘சுழலறை’ எனலாம் என்பது நம் கருத்து. அது செய்யும் தொழிலைச் சொல்லே விளக்கிவிடும். ‘ஹீட்டர் பிளக்’ என்பதை மட்டும் மாற்ற நாம் முனையமாட்டோம். அது பட்டறையில் வழங்கிவரும் சொல். மாணவர் அகராதியில் சுழலறைக்கு அருகிலேயே அதற்கும் ஓர் இடம் தரலாம்.