புல் முடிந்த வழி

பிள்ளைகுட்டிகளோடு மலையில் நடப்பது வெள்ளைக்காரர் நமக்குக் காட்டிக்கொடுத்த பொழுதுபோக்கு என்ற எண்ணம் பரவலாக உண்டு. கொடைக்கானலைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். 1863இல் வீர் லெவிஞ்ச் என்ற வெள்ளைக்கார அதிகாரி அங்கே ஏரியை உண்டாக்கினார். 1872இல் லெப்டினன்ட் கோக்கர் மலைவிளிம்பை ஒட்டி ஏறக்குறைய ஒரு கிலோமீட்டருக்கு நடைபாதை போட்டார். இன்றும் கோடை விடுமுறைக்குப் போகிற குடும்பங்கள் அவித்த சோளத்தைக் கடித்துக்கொண்டு அந்தப் பாதையில்தான் உலாவுகின்றன. ஆனால் அங்கே உருவானது மேலே போய்த் தங்கி உலாவும் ஊர். ஏறும் வழியையே குடும்பம் நடக்கத் தக்கதாக ஆக்கும் அறிவு அதைவிட மிகப் பழையது.

பத்துப்பாட்டில் உள்ள மலைபடுகடாம் 583 அடிகள் கொண்ட ஆற்றுப்படை நூல். செங்கண்மாவை ஆண்ட நன்னனிடம் பரிசு பெற்றுத் திரும்பும் கூத்தன் ஒருவன், எதிர்ப்படும் இன்னொரு கூத்தர் கூட்டத்துக்கு வழி சொல்கிறான். அந்தக் கூட்டத்தில் விறலியர் இருக்கிறார்கள். எண்ணெய் காணாத தலையோடு சிறுபிள்ளைகளும் இருக்கிறார்கள். அதனால் அவன் சொல்வது வீரர்களுக்கான வழியாக இல்லை. பன்றிக்குக் கற்பொறி வைத்திருக்கும் இடம் இது, இருட்டில் போகாதீர்கள், விடிந்தபின் கடந்து செல்லுங்கள் என்கிறான். பாசி வழுக்கும் இடத்தில் மூங்கிலையும் கோரைத் தண்டையும் பிடித்துக்கொள்ளச் சொல்கிறான். பள்ளங்களின் ஓரத்தில் கொடி சுற்றிய ஊன்றுகளைப் பற்றி, பிள்ளைகளோடு ஒருவரை ஒருவர் காத்துப் போகச் சொல்கிறான். என்னைப் பொறுத்தவரை இவை எல்லாவற்றிலும் அருமையானது கவர்வழி பற்றிய குறிப்பு. வழி பிரியும் இடத்தில் தரையைத் துடைத்து, புல்லை முடிந்து அடையாளம் வைத்துவிட்டுப் போங்கள் என்கிறான். பாறையில் வெள்ளையும் சிவப்புமாகப் பூசிவைக்கும் இன்றைய வழிக்குறிகள் செய்வதும் இதே வேலைதான்; இங்கே சாயத்துக்குப் பதில் புல்.

கூத்தர் வயிற்றுப்பாட்டுக்காக நடந்தவர்கள், அதை எப்படி உல்லாச நடை என்பது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தப் பாட்டு தன் பெயரைப் பெற்றதே மலையின் ஓசைகளால். மலையை யானையாகவும், அதில் எழும் பலவகை ஒலிகளை அதன் மதமாகவும் வைத்துப் பாடுகிறது. அருவி முதல் தினைப்புனக் காவல் வரை ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு நடக்கச் சொல்லும் வழி வெறும் பிழைப்பு வழியாக இருக்க முடியாது. மறுபுறம், கொடைக்கானலும் உல்லாசத்தில் பிறந்த ஊரல்ல. 1845இல் மதுரை அமெரிக்க மிஷன்காரர்கள் அங்கே வீடு கட்டியது சமவெளியின் நோய்களிலிருந்து தப்பிக்கத்தான். அந்தக் குடும்பங்களில் பலரை மேலே கொண்டுபோய்ச் சேர்த்தது டோலி தூக்கியவர்களின் தோள். தேவைக்காகப் போனவர்கள் பார்த்து மகிழவும் கற்றுக்கொண்டார்கள் என்பது இரு கதைக்கும் பொது. சொந்தக் காலால் ஏறினார்கள் என்பது கூத்தர் கதைக்கு மட்டும்.

மலைபடுகடாத்தில் வரும் நன்னனின் நவிர மலை இன்றைய பருவதமலைதான் என்று அறிஞர் பலர் கொள்கிறார்கள். அங்கே இப்போதும் பௌர்ணமிக்குக் கூட்டம் கூட்டமாக ஏறுகிறார்கள். உச்சியை நெருங்கும்போது பாறையில் பதித்த கடப்பாரைகளையும் சங்கிலியையும் பிடித்துத்தான் போகவேண்டும். கொடி சுற்றிய ஊன்று இரும்பானது, அவ்வளவுதான். பழனியின் 693 படிகள், அண்ணாமலையைச் சுற்றும் 14 கிலோமீட்டர் கிரிவலம், நடந்து வருபவரின் தலைச்சுமையை இறக்கிவைக்கச் சாலையோரம் நட்ட சுமைதாங்கிக் கல், தண்ணீர்ப் பந்தல், இளைப்பாறும் மண்டபம் எல்லாம் இந்த வகைதான். இது வழிபாடு, நடை ஒரு சாக்கு என்பார் உண்டு. மடியில் புளிசோற்று மூட்டையும் தோளில் பிள்ளையுமாகக் கிளம்புகிறவர்கள் இரண்டையும் பிரித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. வலுவான மறுப்பு வேறொன்று: இந்த வழிகள் எல்லாக் குடும்பத்துக்கும் திறந்திருக்கவில்லை. மலை ஏறியவர்களில் ஒரு பகுதியார் சாதியின் பெயரால் கோயில் வாசலில் நிறுத்தப்பட்டார்கள்; சென்னை மாகாணத்தில் அவர்கள் உள்ளே நுழைய வழிசெய்யும் சட்டம் வர 1939 ஆயிற்று. வெள்ளைக்காரரின் மலைக் கிளப்புகள் இந்தியரை வெளியே நிறுத்தியதை நினைத்து இதை மறைக்கவேண்டியதில்லை. பழைய வழியைப் புகழ்கிறபோது இந்தக் கணக்கையும் சேர்த்தே எழுதவேண்டும்.

இன்றைய மலையேற்றத்துக்கு வருவோம். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில், காய்ந்த புல்லில் பரவிய தீயில் மலையேறச் சென்றவர்கள் சிக்கி 20க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதன்பின் மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024இல் தமிழக அரசு 40 வழித்தடங்களை எளிது, நடுத்தரம், கடினம் என வகைபிரித்துத் திறந்தபோது, உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்களை வழிகாட்டிகளாக அமர்த்தியது. இதைப் புதிய ஏற்பாடாகப் பேசுகிறார்கள். மலைபடுகடாத்துக் கூத்தன் இதையும் சொல்லியிருக்கிறான்: வழி தப்பினால் அலையாதீர்கள், நின்ற இடத்தில் உங்கள் வாத்தியத்தை வாசியுங்கள், கேட்டுக் கானவர் வருவார்கள், தின்னப் பழம் தருவார்கள், முன்னே நடப்பார்கள்.